கப்பல் ஜெயித்த காலை

கல்யாணம் ஆன புதிதில் அவர்கள் இரண்டு பேருக்கும் பேசிக்கொள்ள ஒன்றுமே இருக்கவில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். அவள் பல்செட் செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவள். அங்கே எல்லோருக்கும் அவள் பல்லக்கா. வேலையைப் பற்றிப் பேசலாம் என்றால், சாப்பிடும்போது அடுத்தவர் ஈறைப் பற்றி எத்தனை நாள் பேசுவது? அப்படி இருக்கையில் ஒரு விடுமுறை நாள் காலை, அவர் டிவியில் சேனல் மாற்றிக்கொண்டே போனபோது ஐரோப்பாவில் எங்கோ நடந்த கூடைப்பந்து ஆட்டம் வந்தது. "அதுலயே வைங்க" என்றாள். அவரிடம் அவள் முதன்முதலாகக் கேட்ட காரியம் அதுதான்.

கல்லூரி அணியில் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் ஓடும் ஆளாக இருந்தவள் அவள். ஆள் குள்ளம், நெட்டைகளின் கக்கத்துக்குக் கீழே புகுந்து போய்விடுவாள். அன்றைக்கு ஒவ்வொரு விசிலும் எதற்கு என்று அவருக்கு விளக்கிச் சொன்னாள். சட்டையில் கப்பல் படம் போட்ட ஓர் அணி செமத்தியாக அடிவாங்கிக்கொண்டிருந்தது. பாவப்பட்டு இருவரும் அதன் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். அந்த ஊர்ப் பெயர் வாயில் நுழையவில்லை. அதனால் அணிக்குக் 'கப்பல்' என்றே பெயர் ஆயிற்று. அதில் கழுத்தை வளைத்துக்கொண்டு நின்ற புதுப் பையன் ஒருவனுக்குக் கொக்கு என்று வைத்தார்கள். பின்னாளில் கொக்குதான் கேப்டன்.

கப்பலின் ஆட்டங்கள் பெரும்பாலும் இவர்கள் தூங்கும் நேரத்தில் நடக்கும். விடிந்ததும் பதிவைப் போட்டு, டீயும் ரொட்டியுமாக உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார்கள். வீட்டில் ஒரே ஒரு சட்டம் உண்டு. பார்த்து முடிக்கிறவரை இரண்டு பேரும் ஃபோனைத் தொடக்கூடாது, முடிவைத் தெரிந்துகொள்ளக்கூடாது. சட்டம் போட்டது அவள். பட்டறையில்கூட, ஆட்டத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று கட்டளை போட்டிருந்தாள். அங்கே ஒருவருக்கும் கூடைப்பந்தைப் பற்றி அட்சரம் தெரியாது என்பதால் யாருக்கும் சிரமமாக இல்லை.

இப்படியே வருஷங்கள் ஓடின. வீட்டுச் சண்டை எதுவானாலும் ஆட்டம் இருக்கிற காலையில் அது தள்ளிவைக்கப்படும். கப்பல் ஜெயித்தால் அவர் சோபாவிலிருந்து எகிறிக் குதிப்பார். தோற்றால் தலையில் கை வைத்துக்கொள்வார். சில நாள் பாதி ஆட்டத்தில் அவருக்கு ஃபோன் வரும்; அவசர வேலைக்கு மட்டும் சட்டத்தில் விலக்கு உண்டு. எங்காவது லிஃப்ட் நடுவில் நின்று ஆள் மாட்டிக்கொண்டிருக்கும். பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அந்த நாட்களில் மீதியை அவள் தனியாகப் பார்ப்பாள்.

இந்த வருஷம் கப்பல் அரை இறுதிக்கு வந்தது. வெள்ளிக்கிழமை ஆட்டம்; சனிக்கிழமை காலை பதிவைப் போட்டார்கள். அன்றைக்கு அவர் அவளுக்கு முன்பே எழுந்து, முட்டை பொரித்து, பழம் நறுக்கி, தட்டை அவள் மடியிலேயே கொண்டுவந்து வைத்தார். "என்ன, ராஜ உபசாரமா இருக்கு" என்றாள். அரை இறுதியாச்சே என்றார்.

கப்பல் நன்றாகவே ஆடியது. மூன்றாம் கால் பகுதியில் முந்திப் போய்க்கொண்டிருக்கும்போது அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எதற்கும் மனசைத் திடப்படுத்திக்கொள்ளச் சொன்னார். நல்ல வார்த்தையா சொல்லுங்க என்று அவள் அதட்டினாள். கடைசிக் கால் பகுதியில் எதிரணி துரத்திப் பிடித்தது. ஆட்டம் முடிய மூச்சு விடும் நேரம்தான் பாக்கி. கப்பல் ஒரு புள்ளி பின்னால். பந்து கொக்கு கைக்கு வந்தது. இரண்டு பேர் முகத்துக்கு நேரே கையை நீட்டி மறைக்க, அவன் கோட்டுக்கு வெளியிலிருந்து எம்பி எறிந்தான். மணி அடித்துவிட்டது, பந்து இன்னும் காற்றில் இருந்தது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அப்போதே அவள் தோளில் அவருடைய கை விழுந்தது.

"பரவால்லம்மா, விடு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

பந்து வளையத்தில் இடிக்காமல் கொள்ளாமல் வலைக்குள் இறங்கியது.

அரங்கமே இடிந்து விழுந்த மாதிரி சத்தம். கொக்கை எல்லோரும் கீழே தள்ளி மேலே விழுந்தார்கள். அவள் கத்தக்கூட மறந்து திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் எகிறிக் குதிக்கவில்லை. பேயறைந்தவர் போல வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இல்லயே" என்றார். "தோக்கணுமே."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் அகன்று, புருவம் கோணலாய் ஏறி, தாடை தொங்கி, கொஞ்சம் அசடாக, கொஞ்சம் பயந்ததாக இருந்தது அந்த முகம். இத்தனை வருஷத்தில் அவள் அதைப் பார்த்ததே இல்லை. எத்தனையோ கடைசி நொடி ஆட்டங்களை அந்தச் சோபாவில் பார்த்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் அவர் காட்டியது வேறு முகம். அழகாக, சரியான நேரத்துக்கு வருகிற முகம். அப்படியென்றால் அது என்ன?

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

ஆட்டைத் திருடியவர் போல முழித்தார். பிறகு மெதுவாக ஃபோனை எடுத்து எதையோ தேடிப் பார்த்தார். செய்திப் பக்கத்தில் யாரோ அணிகளின் பெயரை இடம் மாற்றிப் போட்டுவிட்டார்களாம், இப்போது திருத்தியிருக்கிறார்களாம். அதை என்னமோ அந்தப் பக்கத்துக்காரன் செய்த பெரிய குற்றம் போலச் சொன்னார்.

"இன்னிக்கி மட்டும் பாத்தீங்களா?"

அவர் ஃபோனைச் சோபாவில் கவிழ்த்து வைத்தார்.

டிவியை அணைத்தாள். கொக்கு பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தான். எத்தனையோ வருஷமாக அவள் காத்திருந்த பேட்டி. அணைத்துவிட்டு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவருக்குப் படபடப்பு தாங்காதாம். என்ன ஆகுமோ என்று உட்கார்ந்திருப்பது அவருக்கு அந்தரத்தில் நின்ற லிஃப்ட்டுக்குள் இருக்கிற மாதிரியாம். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு ஆட்டத்துக்குத்தான் முன்கூட்டிப் பார்த்தாராம். அப்புறம் பார்க்காமல் உட்கார முடியவில்லையாம். காலையில் பல் தேய்க்கப் போகும்போதே குளியலறையில் பார்த்துவிடுவாராம். எல்லா ஆட்டமும். ஆரம்பத்திலிருந்தே.

கேட்டுக்கொண்டே இருந்தவளுக்கு வேறொன்று நினைவில் தட்டியது. அவருக்கு ஃபோன் வந்த காலைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். கப்பல் நாறிப்போன நாட்கள் எல்லாம் அவற்றில் இருந்தன. ஜெயித்த நாளில் ஒரு லிஃப்ட்கூட நின்றதில்லை.

"கொக்குக்கு முட்டி போச்சே, அன்னிக்கி எந்த லிஃப்ட் நின்னுச்சு?"

அவர் தரையைப் பார்த்தார்.

அந்தக் காலையை அவள் மறந்ததில்லை. கொக்கு காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்ததை அவள் தனியாகப் பார்த்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அவர் ஆளை மீட்டுக்கொண்டிருப்பாரே என்றுகூடப் பார்க்காமல் ஃபோன் போட்டு விக்கி விக்கி அழுதாள். "ஐயோ, எப்ப?" என்று கேட்டார் அவர். அந்த 'எப்ப'வில் எவ்வளவு பதற்றம் இருந்தது.

"எங்க இருந்தீங்க?"

"கீழதான். வண்டியில."

"என்ன பண்ணிட்டு?"

"சும்மாதான் உக்காந்திருந்தேன். நீ அழுவறதப் பாக்க முடியாதுன்னு…"

"நான் அழுவேன்னு தெரிஞ்சுதான் போனீங்க."

தட்டில் பழத்துண்டுகள் கறுக்க ஆரம்பித்திருந்தன. அவள் அதை எடுத்துப் போய்க் குப்பையில் கொட்டினாள்.

மத்தியானம் நாத்தனார் வந்தாள். இரண்டு தெரு தள்ளி வீடு. சனிக்கிழமை தவறாமல் வருவாள். வந்தவளிடம் அரைகுறையாக விஷயத்தைச் சொன்னாள். நாத்தனார் அதிர்ச்சி அடைவாள் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. நாத்தனாரோ சிரித்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தானாம். கதைப் புத்தகம் என்றால் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவானாம்.

"அப்ப உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"எல்லாருக்கும் தெரியும்மா. உங்கிட்ட சொல்லாதேன்னு கெஞ்சுவான். இதுல என்ன இருக்கு, பந்து வெளையாட்டுதானே. ஊர்ல அவனவன் பொண்டாட்டி கிட்ட என்னென்னமோ மறைக்கிறான்."

அதுதான் அவளை இன்னும் சுட்டது. வேறு எதையாவது மறைத்திருந்தால் ஊரே அவள் பக்கம் நின்றிருக்கும். இதைச் சொல்லி யாரிடம் நியாயம் கேட்பது? அந்தச் சோபாவில்தான் அவரோடு பேசப் பழகினாள். அந்தச் சோபாவில்தான், இந்த மனுஷன் நம் கூட இருக்கிறார் என்று முதன்முதலில் தோன்றியது. அவர் அவள் கூட இருந்ததே இல்லை. அவள் என்ன ஆகுமோ என்று தவித்துக்கொண்டிருக்க, அவர் முன்னாலேயே போய்ச் சேர்ந்து, இவள் எப்போது அழுவாள், எப்போது குதிப்பாள் என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

மறுநாள் ஞாயிறு, இறுதி ஆட்டம். அன்றைக்கு மட்டும் ஆட்டம் சீக்கிரம். இவர்கள் ஊரில் பொழுது சாயும் நேரத்துக்கே நேரலையில் பார்க்கலாம். காலையிலிருந்து அவர் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் வாய்விட்டுக் கேட்டார்.

"இன்னிக்கி நேராவே பாக்கலாம். எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. ஒண்ணா உக்காந்து பாப்போம்."

அவள் பட்டறைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சனியும் ஞாயிறும் பட்டறை விடுமுறை. ஆனால் உள்ளே விளக்கு எரிந்தது. அச்சு வார்க்கிறவர் ஓர் அவசரப் பல்செட்டுக்காக வந்திருந்தார். வாய் திறந்து பேசவே காசு கேட்கிற ரகம். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. அவள் கணினியில் ஆட்டத்தைப் போட்டு, மெழுகும் அரமும் கிடந்த மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். அவர் கிண்ணத்தில் பிளாஸ்டரைக் கரைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"இதுல நம்மாளுங்க யாரு பல்லக்கா?"

கப்பல் சட்டையைக் காட்டினாள். அந்த நெட்டை யார் என்றார், சொன்னாள். அவன் ஏன் முட்டியில் பட்டை கட்டியிருக்கிறான் என்றார், அதையும் சொன்னாள். இரண்டாம் பாதியில் அவர் ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கப்பல் புள்ளி போட்டால் "ம்" என்றார், விட்டால் "ச்சே" என்றார். கடைசி நிமிஷத்தில் கப்பல் இரண்டு புள்ளி பின்தங்கியிருக்க, யாரும் மறிக்காமல் எறிய கொக்குக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. இரண்டும் போட்டால் சமன். முதலாவது வளையத்தில் சுற்றிச் சுற்றி வெளியே விழுந்தது. இரண்டாவது விளிம்பில் இடித்துத் திரும்பியது. எதிரணி பந்தை அள்ளிக்கொண்டு ஓடியது.

ஆட்டம் முடிந்தது. கொக்கு சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அச்சுக்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து தன் கிண்ணத்தைப் பார்த்தார். பிளாஸ்டர் கல்லாய் இறுகி, கரண்டி அதிலேயே நட்டுக்கொண்டு நின்றது. "நாசமாப் போச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே அதை எடுத்து மேஜை விளிம்பில் தட்டினார். அழுகையோடு அவளுக்குச் சிரிப்பும் வந்தது. நீங்கள் புதிதாகக் கரையுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன் என்று கைகொடுத்து, அவசர அச்சை வார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

அவர் கதவைத் திறந்தார். ஃபோனை அணைத்து அலமாரி மேல் வைத்திருப்பதாகவும், டிவியைத் தொடவே இல்லை என்றும் கேட்காமலே சொன்னார். ஆட்டம் பதிவாகியிருக்கிறதாம். அவளுக்காகக் காத்திருந்தாராம்.

"தோத்துட்டோம்" என்றாள்.

அவர் முகம் வாடியது. புருவம் இறங்கியது, உதடு மடிந்தது, கை தலைக்குப் போனது. அவள் கிட்டே போய் அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். முந்தாநாள்வரை அதைப் பார்த்தால் போதும், அவளுக்கு ஆறுதலாக இருக்கும். இப்போது நிஜமாகவே இந்த நொடியில்தான் தெரிந்ததா, பொழுது சாயும்போதே தெரிந்துவிட்டதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இனிமேல் எப்போதும் முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

"நெசமாத்தான் சொல்றேன், பாக்கல" என்றார்.

"சரி."

"நம்பலியா?"

"தெரியலங்க. பசிக்குது, சாப்பிடலாம்."

சாப்பிட்டார்கள். தட்டுகளைக் கழுவிவிட்டு அவள் படுக்கையறைக்குப் போய், துவைத்த துணிகளை மடிக்க உட்கார்ந்தாள். கூடத்தில் டிவி போடும் சத்தம் கேட்டது. முடிவு தெரிந்த ஆட்டத்தை அவர் தொடக்கத்திலிருந்து பார்க்க ஆரம்பித்திருந்தார். ஒலியை வழக்கத்தைவிடக் கூட்டி வைத்திருந்தார். வருவாள் என்று நினைத்திருப்பார். அவள் எழுந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.