பாண்டீஸ்வரியைத் தாண்டிய தாம்பாளம்

பிள்ளைகளின் மனசு கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஒன்றரை வருஷமாகக் கொரோனாவுக்குப் பூட்டிக்கிடந்த பள்ளிக்கூடம் நவம்பரில் திறக்கிறது. இரண்டு வாரத்துக்குப் பாடம் வேண்டாம். பாட்டு, கதை, விளையாட்டு போதும். ஒரு பிள்ளையும் முகம் வாடக்கூடாது. உத்தரவு போடுகிறவர்களுக்கு என்ன, போட்டுவிட்டு அடுத்த சோலியைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

மலைமேல், பூம்பாறையைத் தாண்டி, பஸ் திரும்புகிற கடைசி ஊரில் இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். ஹெட்மாஸ்டர் குருநாதன் ரோஜாப்பூ, சந்தனம், குங்குமம், கற்கண்டு எல்லாம் வாங்கி வைத்துவிட்டார்.

"வாசல்லயே வரவேற்பு டீச்சர். வெரசா போட்டோ எடுத்து அனுப்பணும். எல்லாப் பிள்ளையும் சிரிச்ச மாதிரி இருக்கணும்" என்றார். மாஸ்க் போட்ட முகத்தில் சிரிப்பை எங்கே தேடுவது என்று அவர் சொல்லவில்லை.

சண்முகசுந்தரி டீச்சருக்கு, நாயுடுபுரத்தில் வெள்ளனே பஸ் ஏறியதிலிருந்து ஒரே கவலைதான். இன்றைக்குப் பாண்டீஸ்வரி வருவாள். அவளுடைய அம்மா முனியாயி மே மாதம் மதுரை ஆஸ்பத்திரியில் கொரோனாவில் செத்துப்போனாள். உடம்பை ஊருக்குத் தரவில்லை, அங்கேயே எரித்துவிட்டார்கள். ஊருக்கெல்லாம் தெரியும். பத்து வயசுப் பாண்டீஸ்வரிக்கு மட்டும் தெரியாது.

"புள்ள தாங்காது டீச்சர். கொஞ்ச நாள் போகட்டும்" என்று அவளுடைய அப்பா சுப்புராஜ் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான். எல்லோரும் சரி என்றார்கள். அம்மா இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள் என்றார்கள். அப்பன் மொட்டைத் தலையோடு வந்து நின்றதற்குப் பழனி வேண்டுதல் என்றார்கள். கோயிலே பூட்டிக்கிடந்தபோது எந்த முருகனுக்கு மொட்டை போட்டான் என்று அந்தப் பிள்ளை கேட்கவில்லை. கொஞ்ச நாள் ஆறு மாசமாயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். ஆளுக்கொரு கரண்டி சோறு போட்டு ஊரே மறைத்தது.

டீச்சரும் தன் பங்குக்கு ஒரு கரண்டி போட்டாள். போனில் பாடம் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம், "அம்மா பேசுனாங்களாடா?" என்று கேட்டுவைத்தாள். ஜூலையில் டீச்சர் மதுரைக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் பாண்டீஸ்வரி ஒரு பையோடு வந்து நின்றாள். உள்ளே அம்மாவின் பச்சை ஸ்வெட்டர். ராத்திரியில் அதைக் கட்டிக்கொண்டுதான் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அங்க அம்மாவுக்குக் குளிரும் டீச்சர். குடுத்துருங்க."

மதுரையில் ஏது குளிர்? மலையை விட்டு இறங்காத பிள்ளைக்கு உலகம் பூராவும் குளிர்தான். டீச்சர் வாங்கிக்கொண்டாள். மதுரைக்குப் போய்த் திரும்பி வந்து, "குடுத்துட்டேன், அம்மா போட்டுக்கிட்டாங்க" என்றாள். கேட்காமலே, "சிரிச்சாங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள். பொய் சொல்ல வாயைத் திறந்துவிட்டால் அளவு பார்த்தா சொல்ல முடியும்? அந்த ஸ்வெட்டரை, கொரோனா வீட்டுத் துணியாயிற்றே என்று வெந்நீரில் டெட்டால் ஊற்றி இரண்டு தரம் அலசி, அந்துருண்டை போட்டுப் பள்ளிக்கூட பீரோவில் வைத்திருந்தாள். பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று அவளுக்கு அதில் ஒரு திருப்தி வேறு.

பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். டீச்சர் தாம்பாளத்தோடு வந்தாள். நெற்றியில் பொட்டு, சடையில் ரோஜா, கையில் கற்கண்டு. ஒவ்வொரு பிள்ளையாகக் குனிந்து வாங்கிக்கொண்டது. குருநாதன் போனைத் தூக்கிப் பிடித்தபடி பின்னாலேயே வந்தார்.

பாண்டீஸ்வரியின் முறை வந்தது. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடையோடு அவள் தலையைக் குனிந்தாள். டீச்சரின் கை அவளைத் தாண்டி அடுத்த பிள்ளையின் சடைக்குப் போய்விட்டது.

வேண்டுமென்று செய்ததல்ல. வருஷம் திரும்பாத துக்க வீட்டுப் பிள்ளைக்குத் தாம்பாளம் நீட்டுவது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. சின்ன வயசிலிருந்து பழகிய கை, வாய் ஆறு மாசமாகக் காப்பாற்றியதை ஒரு நொடியில் போட்டு உடைத்துவிட்டது.

"அய்யோ, மறந்துட்டேன்டா. வா, வா" என்று டீச்சர் ரோஜாவை எடுத்தாள். பாண்டீஸ்வரி மறுபடி குனியவில்லை.

"எங்க தாத்தா செத்த வருசம் கல்யாண வீட்ல எங்களுக்கு இப்படித்தான் தட்டு நீட்டல. ஏன்னு அம்மாதான் சொல்லுச்சு" என்றாள். பிறகு மெதுவாக, "அம்மா செத்துப்போச்சா டீச்சர்?" என்று கேட்டாள்.

அவள் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். கூடவே விளையாடிய பிள்ளைகளெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அந்தப் பிள்ளைய உள்ள கூட்டிட்டுப் போங்க டீச்சர்" என்றார் குருநாதன். "போட்டோவுல அழுதுக்கிட்டு நிக்கப் போகுது."

அவள் அழவில்லை. வகுப்புக்குள் வந்து நின்றாள். டீச்சர் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து, "ஆமாடா" என்றாள்.

"போன்ல கேப்பீங்களே, அம்மா பேசுச்சான்னு."

மனசு விட்டுப் பேசும் பிள்ளையிடம் என்ன சொல்ல வேண்டும் என்று டீச்சருக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அதில் இதற்குப் பதில் இல்லை.

"அப்ப அந்த ஸ்வெட்டரு?"

டீச்சர் எழுந்து பீரோவைத் திறந்தாள். சாக்பீஸ் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து நீட்டினாள். வெளியே பிள்ளைகளைக் கை தட்டச் சொல்லிக்கொண்டிருந்தார் குருநாதன்.

பாண்டீஸ்வரி மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டு ஸ்வெட்டரில் முகத்தைப் புதைத்தாள். கழுத்துப் பக்கத்தை மோந்தாள், கைகளை மோந்தாள், உள்பக்கத்தைத் திருப்பி மோந்தாள்.

"துவச்சுட்டீங்களா டீச்சர்?" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அழுதாள்.