காருக்குள் சொன்னது

கட்டின புருஷனுக்குக் காது கேட்காமல் இருக்கவேண்டும் என்று எந்தப் பெண்ணாவது வேண்டிக்கொள்வாளா? மலேசியாவில், செலண்டார் என்ற ஊரில் இருக்கும் உஷாராணி வேண்டிக்கொண்டாள். பாவம், அவளைத் திட்டாதீர்கள். காரணம் இருந்தது.

போன வருஷம் அவளுக்கு மார்பில் ஒரு கட்டி. மலாக்காவுக்குப் போய் ஊசி குத்திப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, கார் ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் மருதமுத்துவிடம், "எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள். அவன் சாலையைப் பார்த்தபடியே, "மழ வரும் போலருக்கு" என்றான். கட்டி வெறும் கொழுப்புதான் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்தப் பதில் அவளுக்கு ஆறவே இல்லை.

எதிரே உட்கார்ந்து பேசினால் மருதமுத்து டாண் டாணென்று பதில் சொல்வான். காரில் பேசினாலும், அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பேசினாலும் கல்லுப்பிள்ளையார்தான். செம்பனை எண்ணெய் மில்லில், இரையும் கொதிகலன் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை. காது போயிருக்குமோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம். சந்தேகம் என்ன, ஆசை.

ஒரு பேரங்காடியில் இலவசமாகக் காது பார்த்தார்கள். கூட்டமும் பாட்டுமாக ஒரே இரைச்சல். அதற்கு நடுவில் மருதமுத்துவுக்கு ஹெட்போனை மாட்டி, எதிரே உட்கார்ந்து சோதித்தவர், "எல்லாம் ஓகே, அங்கிள்" என்று முடித்துவிட்டார்.

"பாத்தியா? என் காது தங்கம்லா!" என்று மருதமுத்து சிரித்தான். உஷாராணி கணக்குப் போட்டாள். அப்படியானால் அன்றைக்குக் காரில் கேட்டிருக்கிறது. கேட்டும் மழையைப் பற்றிப் பேசியிருக்கிறான்!

அவள் விடவில்லை. மலாக்கா டவுனில் காது பரிசோதிக்கும் அதீபாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். இரவு ஷிப்ட் முடிந்த கையோடு வந்தவனை அதீபா தொடவே மாட்டேன் என்றுவிட்டாள்.

"மில்லு சத்தத்துல காது களைச்சுப் போயிருக்கும்ணே. இப்பப் பாத்தா கணக்குத் தப்பா வரும். லீவு போட்டு ஓய்வெடுத்துட்டு வாங்க."

"இவ்ளோ தூரம் வந்தோமே, சும்மா ஒரு தடவ பாத்துடலாமில்ல?" என்று உஷாராணி பொரிந்தாள்.

"சும்மா பாக்கறதுக்கு நான் எதுக்குக்கா?" என்றாள் அதீபா சிரித்துக்கொண்டே. திரும்பும் வழியெல்லாம் உஷாராணி அவளைக் கரித்துக் கொட்டினாள்.

மறுமுறை போனபோதுதான் அந்தப் பெண்ணின் வேலை புரிந்தது. அடேயப்பா, என்ன பொறுமை! முதலில் விளக்கடித்துக் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு சத்தம் புகாத சின்ன அறைக்குள் உட்காரவைத்து, மெல்லிய சத்தம் வந்தாலும் பொத்தானை அழுத்தச் சொன்னாள். மருதமுத்து கண்ணாடி வழியாக அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதீபா சட்டென்று நிறுத்திவிட்டு எழுந்து போய் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

"நான் அழுத்தறப்ப நீங்களும் அழுத்தறீங்கண்ணே. கண்ணால கேக்கக் கூடாது."

திரும்பி உட்கார்ந்தபின் அவன் விரல் வெகுநேரம் அசையவே இல்லை.

வெளியே வந்ததும் அதீபா ஒரு முகக்கவசத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு ஏதோ கேட்டாள். மருதமுத்து திருதிருவென்று விழித்து மனைவியைப் பார்த்தான். கவசத்தைக் கழற்றி அதையே திரும்பக் கேட்டாள்: "மில்லுல எப்படிண்ணே பேசிக்குவீங்க?"

"அதுவா? வாயப் பாத்தா தெரிஞ்சிடும்லா. அங்க எல்லாருமே அப்படித்தான்."

உஷாராணிக்குச் சுரீரென்றது. கொரோனா காலத்தில் ஊரே வாயை மூடிக்கொண்டு திரிந்தபோது இவன் யாருடனும் பேசாமல் ஒதுங்கியிருந்தான். மண்டைக்கனம் ஏறிப்போச்சு என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அவளும்தான் சொன்னாள்.

"யாரும் சொல்லிக் குடுக்காம இவ்வளவு சுத்தமா உதடு படிக்கிறாரே! கையையும் பாத்து அழுத்திடறாரு, அதான் பேரங்காடியில ஏமாந்துட்டாங்க" என்றாள் அதீபா. "ஆனா ரெண்டு காதுலயும் கீச்சுக் குரலெல்லாம் போயிடுச்சுக்கா. உங்க குரல் அந்த வகைதான். இனி திரும்பி வராது. காதுக்கு மிஷின் போட்டா நல்லாக் கேக்கும்."

உஷாராணி அழுதாள். வருத்தமா, சந்தோஷமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அதீபாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது மருதமுத்து செம்பனைத் தோட்டத்து ஓரமாகக் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தான். முழுசாக அவள் பக்கம் திரும்பினான். அவன் முகம் பேயறைந்தமாதிரி இருந்தது.

"இத்தன வருஷமா இந்தக் கார்ல நீ என்னென்ன சொன்ன?"

உஷாராணி அவன் முகத்தைப் பார்த்து, நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"எனக்குப் பயமா இருக்குங்கன்னு சொன்னேன்."

மருதமுத்து அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் கலங்கியது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"நான் இருக்கேன்லா" என்றான்.