சிப்பி கோத்த மாலை

குக்கர் விசிலுக்குள் இருக்கும் சின்ன வளையத்தை வைத்து பானு ஒரு முறை தோடு செய்திருக்கிறாள். பழைய கைக்கடிகாரத்தின் பல்சக்கரம், உடைந்த கண்ணாடி வளையல், பூட்டைத் தொலைத்த சாவி, பாசிமணி, மரமணி, எது கையில் கிடைத்தாலும் அது யாருடைய கழுத்துக்கோ காதுக்கோ ஆகும் என்று அவளுக்குத் தோன்றிவிடும். சைனிக்புரி வீட்டின் பின்னறையில் ஜன்னலை ஒட்டி அவளுடைய மேஜை. குறடு, கம்பிச்சுருள், நைலான் நூல். மணிகளை நிறவாரியாகப் பிரித்துப் போட்டு வைக்க இரண்டு பழைய இட்லித் தட்டுகள்.

அவளுக்கும் கணவன் கிருஷ்ணகுமாருக்கும் சொந்த ஊர் பொள்ளாச்சி. அவனுக்குப் பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றில் வேலை. ஒரே மகள் தேஜஸ்வினி மூன்றாம் வகுப்பு படித்தாள். பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஹைதராபாத்தில்தான். பானு தமிழில் கேட்பாள், தேஜு தெலுங்கிலோ இங்கிலீஷிலோ பதில் சொல்வாள். "சாப்பிட்டியா கண்ணு?" என்றால் "லேட்டர் மம்மீ" என்று வரும். பெற்ற பிள்ளையோடு தன் பேச்சில் ஒரு சண்டைகூடப் போட முடியவில்லையே என்ற குறை பானுவுக்கு உள்ளுக்குள் இருந்தது. வெளியே சொன்னதில்லை.

மாரெட்பள்ளியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் சலீம் அவளுக்காக உடைசல்களை எடுத்து வைப்பார். அந்தக் கோடையில் அவர் கொடுத்தது துருப்பிடித்த பிஸ்கட் டப்பா ஒன்று. உள்ளே பொடிச் சிப்பிகள், நீலக் கண்ணாடி மணிகள், ஒரு பள்ளிக்கூட பெல்ட்டின் பித்தளைக் கொக்கி, இரண்டு பிளாஸ்டிக் ஹேர்கிளிப். சிப்பிகளில் ஏற்கெனவே யாரோ ஊசியால் ஓட்டை போட்டிருந்தார்கள்.

பானு அவற்றைக் கழுவித் துணியில் பரப்பினாள். மார்ச் மாத வெயில் ஜன்னல் வழியாக மேஜை மேல் நேராக விழுந்தது. ஆனாலும் சாயங்காலம் தொட்டுப் பார்த்தபோது சிப்பிகள் ஈரமாக இருந்தன. துணியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மறுபடி கழுவி, மறுபடி காய வைத்தாள். காயவில்லை. இருந்தால் இருக்கட்டும் என்று சிப்பிக்கு ஒரு நீலமணி, இடையிடையே கிளிப்பிலிருந்து வெட்டிய சிவப்புத் துண்டு என்று கோத்து, முன்னால் தொங்கலாகப் பெல்ட் கொக்கியை வைத்து முடிச்சுப் போட்டாள். அவள் செய்ததிலேயே அழகான மாலை என்று தோன்றியது.

பள்ளி விட்டு வந்த தேஜு அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பானு சமையலறையில் இருந்தாள்.

"எம்மா, தொண்ட காயுது. கொஞ்சம் வெள்ளம் தா."

பானு அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். தேஜு ஜன்னலைப் பார்த்து நின்றிருந்தாள்.

"என்ன சாமி சொன்னே?"

"வெள்ளம். குடிக்கதுக்கு."

அது பொள்ளாச்சித் தமிழ் இல்லை. நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு. அந்த ஊர் ஆட்கள் இரண்டு பேரைப் பானுவுக்கு இங்கே தெரியும், தேஜுவுக்கு யாரையும் தெரியாது. தண்ணீர் கொடுத்தாள். தேஜு மடமடவென்று குடித்துவிட்டு, மாலையைத் தடவிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். முட்டம் கடற்கரையில் பொறுக்கிய சிப்பி இது, பாறை வழுக்கும், அப்பா தோளில் தூக்கிக்கொண்டு வந்தார், கால் மணலை அம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள். எல்லாம் சரளமான தமிழில்.

முட்டத்துக்கு அவர்கள் போனதே கிடையாது.

குளிக்க மாலையைக் கழற்றியதும் தேஜு பழையபடி ஆனாள். "வெள்ளம்னா என்ன கண்ணு?" என்று கேட்டதற்கு, "நாக்கு தெலீது மம்மீ, ஐ டோன்ட் நோ. இஸ் இட் எ வெஜிடபிள்?" என்றாள்.

கிருஷ்ணகுமார் கேட்டுவிட்டுச் சிரித்தான். "ஏதாச்சும் வீடியோ பாத்திருப்பா. தமிழ் வந்தா நல்லதுதானே பானு."

பானு பயந்தது உண்மை. மறுநாள் பள்ளி வேன் வந்து நின்றபோது மாலையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்ததும் அவளேதான்.

அப்படிச் சில வாரம் போயிற்று. தினமும் தேஜு சீருடை மாற்றியதும் பானு மாலையைப் போட்டுவிடுவாள். பிறகு இருவரும் பின்னறையில் உட்கார்ந்து பேசுவார்கள். குழந்தை மணி எடுத்துக் கொடுக்கும், கதை சொல்லும், "இந்தப் பச்ச கொள்ளாம்" என்று நிறம் தேர்ந்தெடுத்துத் தரும். எம்மா, எம்மா என்று வாய் ஓயாது. இத்தனை வருஷமாக ஏங்கிய ஏக்கம் தீர்கிறது என்று பானு இருந்தாள். மாலை கழுத்தில் இருக்கும்வரை குழந்தையின் உடம்பு லேசாகச் சுடும். கழற்றினால் தணிந்துவிடும். வெயில்தான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இன்னொன்றையும் அவள் கவனித்திருக்க வேண்டும். எம்மா என்று கூப்பிடும்போது குழந்தை ஒருநாளும் பானுவின் முகத்தைப் பார்த்ததில்லை. வாசல் பக்கமோ ஜன்னல் பக்கமோ திரும்பித்தான் கூப்பிடும்.

ஒரு நாள் பானு அதன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "அம்மாவப் பாத்துச் சொல்லு கண்ணு."

குழந்தை அவளை நிதானமாகப் பார்த்தது. அறிமுகமில்லாத வீட்டில் விட்டுவிட்டுப் போன பிள்ளை பார்ப்பதுபோல மரியாதையாக.

"ஆன்ட்டி, எனக்க அம்மைக்கு டியூட்டி இன்னும் முடியலியா?"

பானு மாலையைப் பிடுங்குவதுபோலக் கழற்றினாள். இட்லித் தட்டு சரிந்து மணிகள் தரையெங்கும் உருண்டன. "ஓ நோ மம்மீ," என்று தேஜு குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

மாலையை ஒரு துணியில் சுற்றி பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினாள். அன்றோடு முடிந்தது என்று நினைத்தாள். இரண்டு நாள் கழித்துக் காலையில் தேஜுவை எழுப்பப் போனபோது உடம்பு அனலாகக் கொதித்தது. கழுத்தில் ஒன்றுமில்லை. ஆனால் கண்ணைத் திறக்காமலே, "ஆன்ட்டி, வாசல் லைட்ட அணைச்சிராதீங்க. அம்மைக்கு வழி தெரியாது," என்றது. தலையணை நனைந்திருந்தது. பானு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

டாக்டர் பார்த்துவிட்டு வைரல் காய்ச்சல் என்று மருந்து எழுதினார். கிருஷ்ணகுமார் கிளினிக் வாசலிலேயே காரை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். பின்சீட்டில் மகள் யாருக்கோ தமிழில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வீடியோல்லாம் இல்ல பானு," என்றான் கடைசியில். "அந்த டப்பா எங்கிருந்து வந்துச்சுன்னு கேளு."

சலீமுக்கு ஃபோன் செய்தாள். "கைக்கு மேடம், ஏன் கேக்குறீங்க? சாமான் சரியில்லையா?" என்றார் அவர். விஷயத்தைச் சொல்லாமல், டப்பா யாருடையது என்று மட்டும் கேட்டாள். மேற்கு மாரெட்பள்ளியில் தனியாக இருக்கும் ரோஸ்லின் என்ற நர்ஸம்மா போட்டது என்று வீட்டு அடையாளம் சொன்னார். "அவங்க தமிழா?" என்றாள் பானு. "ஹவ் மேடம், ஆமா, தமிழ்க்காரங்கதான். அந்த டப்பாவ மட்டும் கையில தராம வாசப்படியில வச்சுட்டு உள்ள போயிட்டாங்க."

காய்ச்சல்காரப் பிள்ளையைக் கணவனிடம் விட்டுவிட்டு பானு மாலையோடு ஆட்டோ பிடித்தாள். முதல் மாடியில் சின்ன வீடு. கதவைத் திறந்த பெண்மணிக்கு அறுபதுக்குப் பக்கம் இருக்கும். முடி முழுக்க வெள்ளை. பானு துணியைப் பிரித்துக் காட்டியதும் அவர் மாலையைத் தொடவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இத ஆரு கோத்தது?"

"நான்தானுங்க அக்கா. சலீம் கடையில வாங்கி..."

"உள்ள வாங்க."

பானு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். ரோஸ்லின் அழவில்லை. அப்படியெல்லாம் இருக்காது என்றும் சொல்லவில்லை. "என்னத்தெல்லாம் பேசினா?" என்று மட்டும் கேட்டார். முட்டம், பாறை, முந்தானையால் துடைத்த கால் என்று பானு சொல்லச் சொல்ல ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார்.

"ஷைனின்னு பேரு. ஏழு வயசு. சிப்பிய எல்லாம் அவதான் ஊசி வச்சுக் குத்தினா, மாலை கோக்கணும்னு. கோத்துத் தர எனக்கு நேரமில்ல. அப்பத்தான் காய்ச்சல் வந்துது. பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட விட்டுட்டு நான் டியூட்டிக்குப் போனேன். திரும்பி வரும்போது..." அவர் துணியில் கிடந்த மாலையைப் பார்த்தார். "புருஷன் அதுக்குப் பெறவு ஊருக்குப் போனவருதான். நான் இஞ்சயே கெடந்தேன். அந்த டப்பா இருக்குல்லா, எத்தன மட்டம் வெயில்ல வச்சாலும் காயாது. திறந்தா கடல் மணக்கும். தனியா இருக்க வீடு, வயசும் ஆகுது, பயந்துட்டேன். பெத்த பிள்ளைக்கிட்ட பயந்து அதத் தூக்கிப் போட்டேன்."

பானுவுக்குத் தான் செய்தது அப்போதுதான் முழுதாக உறைத்தது. யாரையோ கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காத்திருந்த குழந்தையை, தமிழ் பேசுகிறது என்பதற்காகத் தினமும் வரவழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறாள்.

"எங்க வீட்டுக்கு வர்றீங்களா அக்கா? இப்பவே?"

ரோஸ்லின் செருப்பைத் தேடினார்.

சைனிக்புரி வீட்டில் தேஜு போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். கிருஷ்ணகுமார் ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தான். ரோஸ்லின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பானுவிடமிருந்து மாலையை வாங்கி, குழந்தையின் கழுத்தில் தானே போட்டார். அது கண்ணைத் திறந்தது.

"மக்ளே, அம்மை வந்துட்டேன்."

குழந்தை அவரை மேலும் கீழும் பார்த்தது. "நீங்க எனக்க அம்மை இல்ல. எனக்க அம்மைக்கு முடி கறுப்பு."

ரோஸ்லின் சேலை முந்தானையை எடுத்து, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதங்களை விரல் விரலாகத் துடைக்க ஆரம்பித்தார். குழந்தை தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்து அவருடைய வெள்ளை முடியைக் கையில் அள்ளியது.

"இம்புட்டு நேரமா டியூட்டி?"

"ஆமா மக்ளே. இப்பத்தான் விட்டாங்க."

"நான் ஒறங்காம இருந்தேன்."

"இனி ஒறங்கு."

அவர் மடியில் தலை சாய்ந்தது. மூச்சு சீரானதும் ரோஸ்லின் மாலையை மெல்லக் கழற்றினார். பானு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. மத்தியானம் எழுந்த தேஜு பசிக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டு நூடுல்ஸ் சாப்பிட்டாள்.

"மாலைய அறுத்து, சிப்பியெல்லாம் கடல்ல போட்டுரலாமுங்க," என்றான் கிருஷ்ணகுமார்.

"வேண்டாம்," என்றார் ரோஸ்லின். "நான் கொண்டு போறேன்." மாலையைக் கைப்பைக்குள் வைத்து மூடிக்கொண்டார். பானு தடுக்கவில்லை. யாருடைய பிள்ளை, யாரிடம் வேண்டாம் என்பது?

தேஜுவுக்கு அதன்பின் ஒன்றும் வரவில்லை. தமிழும் வரவில்லை. பானு மேஜைக்குத் திரும்பினாள். இப்போதெல்லாம் சலீமிடம் எதை வாங்கினாலும் யார் வீட்டுச் சாமான் என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினாள். அவருக்கே தெரியாது என்றால் வேண்டாம் என்று விட்டுவிட்டாள். ரோஸ்லின் இரண்டு முறை ஃபோனை எடுக்காததால், ஒரு சனிக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள்.

கதவு தாழ் போடாமல் இருந்தது. உள்ளே கடல் வாடை. ரோஸ்லின் கூடத்துத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முடியை இரண்டாகப் பிரித்துப் பின்னல் போட்டிருந்தார். கழுத்தில் மாலை. சிப்பிகளிலிருந்து ஒவ்வொரு சொட்டாக நீர் அவர் ரவிக்கையில் விழுந்துகொண்டிருந்தது.

"அக்கா," என்றாள் பானு.

அவர் நிமிர்ந்து பார்த்துப் பேசினார். அந்தக் குரலை பானு தன் மகள் வாயில் வாரக்கணக்காகக் கேட்டிருக்கிறாள்.

"அம்மை உள்ள ஒறங்கிட்டிருக்கா ஆன்ட்டி. சத்தம் போடாதீங்க. பாவம், அவளுக்கு நல்ல அசதி."

பானு அவர் பக்கத்தில் மண்டியிட்டு மாலையின் முடிச்சை நோக்கிக் கையை நீட்டினாள். அதைப் போட்டவள் அவள், ஒரு விநாடியில் அவிழ்த்துவிடலாம். ரோஸ்லினின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. சுட்டது. முகம் மெல்ல மாறியது, வயதான பெண்ணின் முகமாக.

"விட்ருங்க பானு," என்றார் தன் சொந்தக் குரலில். "சாயங்காலம் நானே கழட்டிருவேன். சோறு திங்கேன், மருந்து திங்கேன், கோயிலுக்குப் போறேன். பகல்ல கொஞ்ச நேரம் அவ இருக்கட்டும். இனிமேலும் அவள வாசல்ல நிப்பாட்ட முடியாது."

பானு கையை எடுத்துக்கொண்டாள். பழத்தை நறுக்கிக் கொடுத்தாள். யார் சாப்பிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

இப்போதும் சனிக்கிழமைகளில் போகிறாள். சில வாரம் ரோஸ்லின் காபி போட்டுத் தருவார், முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார். சில வாரம் கதவைத் திறப்பது மற்றவள். போன சனிக்கிழமை அவள்தான் திறந்தாள். பானுவின் முதுகுக்குப் பின்னால் படிக்கட்டை எட்டிப் பார்த்தாள்.

"தேஜுவக் கூட்டிட்டு வரலியா ஆன்ட்டி?"

"அவளுக்குப் பரீட்ச கண்ணு."

வெள்ளைப் பின்னல் இரண்டும் தோளில் ஆட, ரோஸ்லினின் முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து அவளைப் பார்த்தது.

"போன வாரமும் பரீட்சன்னுதானே சொன்னீங்க."