நாற்பத்திரண்டாம் எண் வீட்டு வால்வு

வரலாற்றில் எம்.ஏ., அதுவும் முதல் வகுப்பு. இதைச் சொன்னால் எதிரே இருப்பவர் முதலில் "அப்படியா" என்பார், அடுத்து "அப்புறம் என்ன பண்றதா உத்தேசம்?" என்பார். படித்து முடித்த மூன்று வருடமாக இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துப் போயிருந்தது. கடைசியில் குடிநீர் அலுவலகத்தில் ஆறு மாத ஒப்பந்தத்தில் ஒரு வேலை கிடைத்தது. பழைய பழுதுப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்ற வேண்டும். சம்பளம், அங்கே வண்டி துடைப்பவருக்குக் கொடுப்பதைவிடக் கொஞ்சம் குறைச்சல். கேட்டால், வண்டி துடைக்க அனுபவம் வேண்டுமாம்.

அந்த ஆறு மாதம் வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நீட்டிக்காவிட்டால் அக்கா வீட்டுக்காரரின் டைல்ஸ் கடையில் பில் போட உட்காருவதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். அத்தான் நல்ல மனிதர்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் அந்த நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்தால் அப்புறம் எழுந்திருக்கவே மாட்டோம் என்று அவளுக்கு ஒரு பயம்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஒரு தெருவில் குழாய் வெடித்துத் தொலைத்தது. தண்ணீரை நிறுத்த வால்வை மூட வேண்டும். வால்வோ தார் ரோட்டுக்கு அடியில் எங்கேயோ புதைந்து கிடக்கிறது. கணினியில் பார்த்தார்கள். '42-ஆம் எண் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே' என்று இருந்தது. அவள் ஏற்றிய வரிதான். மேஸ்திரி ஆளுயரத்துக்குத் தோண்டினார், வால்வு இல்லை. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மூன்று குழி ஆயிற்று. மூன்று நாளாகத் தெரு ஜனம் முழுக்கத் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடியது. மேஸ்திரி வாங்கிக் கட்டிக்கொண்ட வசவை இங்கே எழுத முடியாது.

செவ்வாய்க்கிழமை பொறியாளர் அவளைக் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "பார்த்து அடிக்கிறதுல கூடவா தப்பு வரும்?" என்று கேட்டுவிட்டு ஃபைலுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். போச்சு, டைல்ஸ் கடைதான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. பதிவேட்டு அறைக்குப் போய் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். அடித்தது எழுத்துக்கு எழுத்து சரியாகத்தான் இருந்தது. ஆனால் அது எழுதப்பட்டது முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால். கணினியில் தேதிக்கென்று கட்டமே கிடையாது, இவளும் போடவில்லை. எந்த ஏட்டைத் தொட்டாலும் அது எப்போது எழுதியது என்று முதலில் பார். கல்லூரியில் முதல் வாரமே சொல்லிக் கொடுத்தது இது. ஒரு நாளைக்கு நூறு வரி அடிக்கிற அவசரத்தில் அதைக் கோட்டை விட்டிருந்தாள். மற்றவர்கள் செய்தால் சரி, வரலாறு படித்தவள் செய்யலாமா? வெட்கத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அன்று முழுக்க அந்தத் தெருவின் புகார்ப் புத்தகங்களைப் புரட்டினாள். தையல்காரர் ஒருவர் வருடம் தவறாமல் தண்ணீர் வரவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். மனிதருக்கு அலுப்பே இல்லை. பழைய புத்தகங்களில் வீட்டோடு சேர்ந்த அவர் கடைக்கு எண் 42. ஒரு குறிப்பிட்ட வருடத்திலிருந்து திடீரென்று 67. கையெழுத்து மட்டும் அதேதான்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அவரிடமே போய், எப்போது கடையை மாற்றினீர்கள் என்று கேட்டாள்.

"நான் எங்கம்மா மாறினேன்? நம்பரைத்தான் மாத்தினாங்க. அந்த முனையில புதுசா இருபத்தஞ்சு வீடு வந்துச்சு. அங்கேருந்து எண்ண ஆரம்பிச்சுட்டாங்க" என்றார் தையல்காரர். வால்வு தன் கடைக்கு எதிரே இருக்க, தள்ளிப் போய் அங்கே எதற்குத் தோண்டுகிறார்கள் என்று அவருக்கும் மூன்று நாளாகப் புரியவில்லையாம். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

விஷயத்தைச் சொன்னதும் மேஸ்திரி இவளை ஏற இறங்கப் பார்த்தார். நாலாவது குழியா என்று முனகிக்கொண்டே தையல் கடைக்கு எதிரே கடப்பாரையைப் போட்டார். முழங்கால் ஆழத்தில் டங்கென்றது. மதியத்துக்குள் குழாயைச் சரிசெய்து, சாயங்காலம் தெருவுக்குத் தண்ணீர் விட்டுவிட்டார்கள்.

வியாழக்கிழமை அவளே பொறியாளரிடம் போனாள். தேதி போடாதது தன் தப்புதான் என்று ஒப்புக்கொண்டாள். இன்னும் எத்தனை தெருவில் எண் மாறியிருக்கிறதோ, ஏற்றிய பதினோராயிரம் வரியையும் சரிபார்த்தாக வேண்டும் என்றாள். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவசர அவசரமாக, இன்னும் ஆறு மாதம் நீட்டித் தருகிறேன், அதே சம்பளம் என்றார்.

தப்பித்தோம் பிழைத்தோம் என்று தலையாட்டியிருக்கலாம். அவளுக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ.

"இது டைப் அடிக்கிற வேலை இல்ல சார். ஏட்டைப் படிச்சு, தெருவுல போய் விசாரிச்சு, எது உண்மைன்னு பார்க்கிற வேலை. இதுக்குத்தான் அஞ்சு வருஷம் படிச்சேன். படிப்புக்கு உள்ள சம்பளம் குடுங்க, செய்யறேன்."

பொறியாளர் பேனாவை மூடினார், திறந்தார். வாசலில் நின்ற மேஸ்திரி, யாரும் கூப்பிடாமலே தலையை நீட்டி, "மூணு குழி தோண்டி மூடின செலவுல இந்தப் பொண்ணுக்கு ஒரு வருஷச் சம்பளமே குடுத்துடலாம் சார்" என்றார்.

மேலிடத்தில் வழக்கம்போல் இழுத்தடித்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஒருவழியாக ஒப்புதல் வந்தது. ஆவண ஆய்வாளர் என்று ஒரு பதவி, இளநிலைப் பொறியாளருக்கு உள்ள சம்பளம். நிரந்தரம் இல்லை, ஒரு வருடம்தான். அம்மாவுக்கு ஃபோனில் சொன்னாள். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், உடனே அத்தானிடம் இதை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று அதற்கும் ஒரு கவலையைப் பிடித்துக்கொண்டாள்.

வேலை பெரிது என்பதால் கூட இன்னொருவரையும் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். விளம்பரத்தை அவளையே எழுதச் சொன்னார் பொறியாளர். கல்வித் தகுதி வரலாறு, இலக்கியம், தத்துவம் என்று எழுதிக் கொடுத்தாள். அவர் படித்துவிட்டுச் சந்தேகமாகப் பார்த்தார்.

"ஒரு வருஷ வேலைக்கு, இந்தச் சம்பளத்துக்கு, ஆள் வருவாங்களாம்மா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது.

"எங்க வகுப்புல என்னையும் சேர்த்து இருபத்தெட்டுப் பேர் சார். இப்ப ஃபோன் பண்ணினா திங்கட்கிழமை காலையில மத்த இருபத்தேழு பேரும் வந்து நிப்பாங்க."