சக்கரம் குறைந்த பஸ்

வெள்ளைக் கொடிகள் கட்டிய கயிற்றைக் குனிந்து கடக்கும்போதுதான் லயனலின் காற்சட்டைப் பையில் குறடு துருத்திக்கொண்டிருப்பதை நீலகாந்தி பார்த்தாள்.

“சாவீட்டுக்கு யாராவது குறடு எடுத்துட்டு வருவாங்களா?”

“பிரேம் கடைக்காரன் வருவான். இருபத்தஞ்சு வருஷத்து ஆணி, துருப்பிடிச்சிருக்கும். கையால நெம்பினா பலகை பிளந்துடும், நீலா.”

மகள் இஷாரா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பெட்டியில் கிடப்பது அவளைப் பெற்ற தகப்பன் விஜேபால. மூன்று வயதில் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து இந்த வீட்டைவிட்டுப் போனவள், இருபத்திரண்டு வயதில் முகம் பார்க்க வந்திருக்கிறாள். பிக்குகள் மூன்று மணிக்கு வருவார்கள், அப்போது செத்தவருக்குப் புண்ணியம் சேர மகள் கையால் தண்ணீர் வார்க்க வேண்டும் என்று, சாவு காரியங்களை எடுத்து நடத்தும் ஊர் மரணாதாரச் சங்கத்திலிருந்து போனில் சொல்லியிருந்தார்கள்.

நீலகாந்தி வந்தது அதற்கல்ல. கோர்ட்டில் பிரிந்து, லயனலைப் பதிவுத் திருமணம் செய்து பதினோரு வருஷமாகிறது. இந்தச் சாவுக்கு அழ அவளிடம் கண்ணீர் மிச்சமில்லை. அவளுடைய பொருள் ஒன்று இந்த வீட்டில் மாட்டிக்கிடந்தது. அதைக் கொண்டுபோக வந்தாள்.

கல்யாணமான இரண்டாம் வருஷம் அவளுடைய வரைபுத்தகங்களை விஜேபால அடுப்பில் போட்டான். கை நீட்டுவது அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. பென்சில், தாள் எதைக் கண்டாலும் அவனுக்கு வெறி வரும். வீட்டில் அவன் ஒருபோதும் தொடாத ஒன்று, கூடத்துச் சுவரில் பெரிய சட்டத்தில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோ. தூசி தட்டுவது அவள் வேலை. ஆகவே அதைக் கழற்றி, சுவரைப் பார்த்திருந்த பின்பலகையில், கல்யாண அலங்காரப் பெட்டியில் மிஞ்சிய புருவப் பென்சிலால் ஒரு படம் வரைந்தாள். ஒரு மாதம், திருடித் திருடி. வரைந்து முடியுமுன் பென்சில் முடிந்துவிட்டது. ஆறு வருஷம் கழித்து, போட்டது போட்டபடி குழந்தையோடு ஓடியபோது பலகையைத் தூக்க ஏது கை?

பிறகு குருநாகலில், சட்டம் போட்டு மிஞ்சிய அட்டைத் துண்டுகளைக் கேட்டு லயனலின் கடைக்குப் போனாள். எதற்கென்று அவன் கேட்கவில்லை. மறுவாரம் அந்த அட்டைகளில் வரைந்திருந்ததைக் கண்டதும் ஒன்றை எடுத்துத் தேக்குச் சட்டம் போட்டுக் கடை வாசலில் மாட்டிவிட்டான். வாங்க வந்தவனிடம் “அது விக்கிறதுக்கில்ல, நான் பாக்கிறதுக்கு” என்றானாம். அந்த ஒரு பேச்சில் அவள் விழுந்தாள் என்று சொன்னால் மறுக்க மாட்டாள். இப்போது அவள் படங்கள் கொழும்புக்குப் போகின்றன. ஆனாலும் அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், முதல் படம் எங்கே, முதல் படம் எங்கே என்று.

கூடத்தில் ஆட்கள் பிணத்துக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

நீலகாந்தி அவர்கள் பார்த்த சுவரைப் பார்த்தாள். சாவு விழுந்தால் சுவர்ப் படங்களையெல்லாம் திருப்பி மாட்டுவார்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? ஆனால் அவள் வந்த பிறகு இந்த வீட்டில் யாரும் சாகவில்லை. யாரும் பார்க்கவே முடியாத இடமென்று நினைத்து, சாவு வந்து திறக்கும் இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறாள்!

சுவரில் அவளுடைய பஸ் நின்றது. விடிகாலைச் சந்தி, கிளம்புகிற பஸ், ஜன்னலோரம் மடியில் குழந்தையோடு ஒரு பெண். பஸ்ஸுக்குப் பின்சக்கரம் இல்லை.

“எவ்வளவு ஆழம் பாருங்க,” என்று விளக்கிக்கொண்டிருந்தார் சங்கச் செயலாளர் ரணசிங்க மாஸ்டர். கையில் இரங்கல் உரைத் தாள். “ஒரு சக்கரம் இல்லாத வண்டி. அதான் அனித்தியம். எதுவும் நிலையில்ல. விஜேபாலகிட்ட இப்படி ஒரு கலைஞன் ஒளிஞ்சிருந்தது நமக்குத் தெரியாமப் போச்சே!”

“சின்ன வயசிலயே தம்பிக்குக் கை நல்லா வரும்,” என்றாள் விஜேபாலவின் அக்கா சோமாவதி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. பக்கத்து அறையிலேயே படுத்துறங்கியவள் அவள். எந்த இரவு என்ன சத்தம் கேட்டதென்று அவளுக்குத் தெரியும்.

நீலகாந்தி முதலில் பெட்டியருகே போனாள். பயம் வருமென்று நினைத்திருந்தாள், வரவில்லை. அந்தக் கைகள் வெள்ளை உறை மாட்டி, மார்பின்மேல் அடக்கமாக இருந்தன. இவ்வளவு சின்னக் கைகளா என்று தோன்றியது. கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

“மாஸ்டர், அது நான் வரைஞ்சது.”

யாரோ பிளேன்டீ தட்டைக் கீழே வைத்தார்கள்.

“வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா, நங்கி?” தங்கை என்று கூப்பிடும்போதே சோமாவதியின் அழுகை நின்றுவிட்டது. “செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்லப் போறானா? உசுரோட இருக்கும்போது விட்டுட்டுப் போனே. இப்ப அவன் பேரையும் புடுங்க வந்தியா?”

“அவர் பேரு எனக்கு வேணாம் அக்கா. அத எப்பவோ இங்கயே விட்டுட்டுப் போயிட்டேன். என் படத்த மட்டும் குடுங்க.”

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். “மக, கோவிச்சுக்காத. நீ வரைஞ்சதுக்கு என்ன அடையாளம்?”

“அந்தச் சக்கரம் ஏன் இல்லன்னு சொன்னீங்க?”

“அனித்தியம்…”

“அனித்தியமும் இல்ல, ஒண்ணும் இல்ல மாஸ்டர். பென்சில் தீந்துபோச்சு.”

பின்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்து, இருக்கும் இடம் நினைவுவந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

“புருவப் பென்சில்,” என்றாள் நீலகாந்தி. “கல்யாணத்துக்கு வாங்கினது. இந்த ஆம்பள எப்பங்க புருவம் எழுதினாரு?”

பெட்டியின் தலைமாட்டில் எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் மேல்தட்டில் படிந்த கரியை விரலில் வழித்தாள். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. விரல் பலகையில் பட்டதும் கை வேறு யாரையும் கேட்கவில்லை. ஒரே சுழிப்பில் வட்டம், உள்ளே ஆரங்கள், அடியில் கொஞ்சம் நிழல். முன்சக்கரத்தின் அதே சாய்வு, அதே தேய்ந்த விளிம்பு. கால் நூற்றாண்டு நின்ற பஸ் தரையில் அழுந்தி நின்றது. இனி யாரும் எதையும் கேட்கத் தேவையில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. நெஞ்சு நிறைய சந்தோஷமாக இருந்தது. சாவீட்டில் சந்தோஷப்பட வெட்கமும் இல்லை.

சோமாவதி பேசினாள். யாரையும் பார்த்துப் பேசவில்லை.

“கண்டியில வாங்கினது அந்தப் பென்சில். நான்தான் வாங்கினேன்.” பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், “அப்புறம் அது எங்க போச்சு, எங்க போச்சுன்னு தேடினேன். நீதான் எடுத்திருக்கேன்னு உன் முகத்துல தெரிஞ்சதும் தேடுறத விட்டுட்டேன்.”

ரணசிங்க மாஸ்டர் பேனாவைத் திறந்து, தாளில் நான்கு வரிகளை அடித்தார்.

மூன்று மணிக்கு பிக்குகள் வந்தார்கள். இஷாரா கெண்டியைப் பிடித்து, கிண்ணம் நிறைந்து வழியும்வரை தண்ணீர் வார்த்தாள். அவள் அழுதாள், அது அவள் பாடு. நீலகாந்தி பின்னால் நின்று முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

பெட்டி படியிறங்கிப் போனதும் வீடு காலியானது. லயனல் நாற்காலியில் ஏறி, சட்டத்தை இறக்கி, குறட்டால் ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்தான். பலகை முழுசாக வந்தது. படத்தைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது. இஷாரா அவன் தோள்வழியே எட்டிப் பார்த்தாள்.

“அம்மா, மடியில இருக்கிறது நானா?”

“நீ அப்ப பொறக்கவே இல்ல.”

இஷாரா அம்மாவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சோமாவதியின் கையில் கண்ணாடியும் கல்யாணப் போட்டோவும் மிஞ்சின. “இத என்ன பண்றது, நங்கி?”

“அதுக்கு வேற அட்டை வச்சு ஆணி அடிச்சுத் தருவாரு, அக்கா. வேணும்னா சொல்லுங்க.”

சோமாவதி போட்டோவைக் கவிழ்த்து நாற்காலியில் வைத்தாள்.

சந்திக்கு நடந்தார்கள். லயனல் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் போனான். பஸ்ஸில் ஏறுமுன் நீலகாந்தி விரலைப் பார்த்தாள். கரி காய்ந்து ஒட்டியிருந்தது. கைக்குட்டையைத் தேடினாள். பிறகு வெள்ளைச் சேலையின் தலைப்பில் அழுத்தித் துடைத்துக்கொண்டு ஏறினாள்.