நிலா வரும் வரி

1977 ஜனவரி 23, ஞாயிற்றுக்கிழமை. முதலியார்பேட்டைப் படிப்பகத்தின் ஆண்டு விழாக் கவியரங்கில் முருகையன் படித்துக்கொண்டிருந்தபோது நான்காவது நிமிடத்தில் மணி அடிக்கப்பட்டது. அவனுக்குத் தந்த தலைப்பு 'கடல்'. மணி அடித்தபோது அவன் தமிழன்னைக்கும் தலைவருக்கும் வணக்கம் சொல்லி முடித்து, உடன் பாடும் கவிஞர்களில் மூன்றாமவருக்கு வந்திருந்தான்.

தட்டாஞ்சாவடியில் அவன் லேத் ஓட்டும் பட்டறையில் அதை ஒரு வருஷம் பேசினார்கள்.

"கவிஞரே, இந்த வாட்டி இன்னா தலைப்பு?" என்று பக்கத்து மிஷின் கொளஞ்சி கேட்டான்.

"நிலா."

"வருமா? போன வருசம் நாங்கள்லாம் துண்டோட வந்தோம், கடல்ல கால் நனைக்கலாம்னு."

எதுவும் எழுதாமலே இருந்துவிடலாம் என்று முருகையன் நினைத்ததுண்டு. ஆனால் படிப்பகத்து நோட்டீசில் பேர் அச்சாகிவிட்டது. இந்தத் தடவையும் பாதியில் மணி அடித்தால் அப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள். எழுபத்திரண்டு வரி எழுதி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

விழாவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, அரைநாள் லீவு. கூடை தூக்க ஆள் வேண்டும் என்று மனைவி குஞ்சம்மாள் சொல்லியிருந்ததால் பெரிய மார்க்கெட்டுக்குப் போனான். அவள் அங்கே நண்டு விற்கிறாள். வாடிக்கைக்காரர் ஒருவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா, கூடையிலேயே பெரிய நண்டைக் கையில் எடுத்திருந்தார்.

"அத வையுங்க முசே," என்றாள் குஞ்சம்மாள்.

"ஏம்மா, நல்லா பெருசா இருக்கே?"

"ஓடுதான் பெருசு. வயித்துல அமுக்கிப் பாருங்க." அவளே கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினாள். ஓடு உள்ளே போய் வந்தது. "செவ்வாக்கெழம பௌர்ணமி. நெலா வெளிச்சத்துக்குப் பயந்து இதுங்க மேயறதில்ல. எல்லாம் தண்ணி. இந்தா, இந்தச் சின்னத எடுங்க. கல்லு மாதிரி கெடக்கு."

சொல்தா போனதும் முருகையன் தாளை எடுத்தான். "கொஞ்சம் கேளேன்."

அவன் படிக்க, அவள் நண்டுகளை அமுக்கிப் பார்த்து இரண்டு பக்கமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது வரி போனது.

"இன்னாய்யா, எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கினே போற. நெலா எங்க?"

"வரும், இரு."

"வர்றதுக்குள்ள மார்க்கெட்ட மூடிடுவாங்க." ஒரு நண்டைத் தண்ணிப் பக்கம் எறிந்தாள். "நெலாவாம் நெலா. அது பெருசா ஆவ ஆவ என் பொழப்புல மண்ணு."

முருகையன் கவிழ்த்துப் போட்ட கூடையின் மேல் உட்கார்ந்தான். முதல் வரியில் கட்டைவிரலை வைத்து அமுக்கினான். தமிழன்னை உள்ளே போய் வந்தாள். தலைவர் அரிகிருஷ்ணனுக்கு வைத்த வணக்கம், சுத்தமாகத் தண்ணி. 'வெள்ளித் தட்டே, வான்மகள் பொட்டே' என்ற இடத்தில்தான் அவனுக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. அங்கேயும் விரல் இறங்கியது. எழுபத்திரண்டும் ஒரே பக்கம் போயின. தாளைத் திருப்பிப் பின்புறத்தில் எழுதத் தொடங்கினான்.

"கெட்டியா எதுனா தேறிச்சா?" என்று கேட்டாள்.

"நீ திட்டினது தேறிச்சு."

மறுநாள் மேடையேறினான். வணக்கம் சொல்லாமல் தொடங்குவது தலைவருக்கு மரியாதைக் குறைவாகப் படலாம். தலைவருடைய கை மணிக்குப் பக்கத்தில் இருந்தது. கொளஞ்சி முன்வரிசையில் துண்டை மடியில் விரித்து வைத்திருந்தான். முருகையன் படித்தான்:

*பௌர்ணமி என்றால் ஊருக்கு அழகு.*
*என் வீட்டில் அந்த வாரம்*
*நண்டுக்குச் சதை இல்லை.*
*கூடையைத் தூக்கிக்கொண்டு*
*நிலாவைத் திட்டியபடி நடக்கிறாள்.*
*கேட்டுக்கொண்டே அதுவும்*
*வீடு வரை வருகிறது.*

முடிந்துவிட்டது என்று கூட்டத்துக்குப் புரியவே கொஞ்ச நேரமானது. பிறகு பின்வரிசையில் ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். "மறுபடி! மறுபடி!" என்று கத்தினான் கொளஞ்சி. முருகையன் இன்னொரு முறை படித்தான்.

"எனக்கு வணக்கமே வைக்காத முதல் கவிஞர்," என்று சொல்லிவிட்டுத் தலைவரும் கைதட்டினார்.

இரண்டு முறைக்கும் சேர்த்து ஒரு நிமிடம் ஆகியிருந்தது. மணி அடிக்கவில்லை.