நெல்லில் ஒரு சிவப்பு

நெல்லில் இரத்தம் கிடந்ததை முதலில் பார்த்தவன் மேஸ்திரி பச்சையப்பன்தான். புதன்கிழமை, காலை பதினொன்றரை மணி.

அவித்துக் கொட்டி இரண்டு மணி நேரம்கூட ஆகாத நெல். சோழவரம் தாண்டி நெடுஞ்சாலை ஓரமாக இருந்த அந்த அரிசி ஆலையின் சிமெண்டுக் களத்தில் ஆறு பெண்கள் வெறுங்காலால் அதைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். பாதத்தைக் கொஞ்சம் சாய்த்து இழுத்துக்கொண்டே நடந்தால் அடி நெல் மேலே வரும், மேல் நெல் அடியில் போகும். பலகை போட்டு இழுத்தால் நெல் தோலுரிந்துவிடும் என்பது முதலாளியின் கட்சி. பெண்களின் பாதம் உரிவது பற்றி அவருக்குத் தனியாக அபிப்பிராயம் எதுவும் இல்லை.

"எவ காலும்மே இது? வரிசையா நின்னு காலத் தூக்கிக் காட்டுங்க. மொதலாளி பாத்தாருன்னா என் சீட்டு கிழிஞ்சிடும்."

நின்றார்கள். சித்திரை வெயிலில் களம் கொதித்தது. ஐந்து பெண்கள் ஒற்றைக்காலை மாற்றி மாற்றி ஊன்றித் தவித்தார்கள். ஆறாவதாக நின்ற சாராள் மட்டும் இரண்டு காலையும் ஊன்றி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கோயில் தூண் மாதிரி நின்றாள்.

"பாருங்கடி அவள!" என்றாள் பக்கத்தில் குதித்துக்கொண்டிருந்த கெங்கம்மாள். "தீ மிதிக்கறது எங்க சாமிக்கு. நோகாம நிக்கறது ஏசு ஊட்டுப் பொண்ணு."

சிரிப்பு கிளம்பியது. பச்சையப்பன் ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டே வந்து சாராளிடம் நின்றான்.

"எனக்கு ஒண்ணுமில்ல மேஸ்திரி. குத்தியிருந்தா வலிக்காதா?"

"உன் காலு இரும்பாச்சே, நீ போ" என்று கையை ஆட்டிவிட்டான். மற்ற ஐந்து பேர் காலிலும் கீறல்கூட இல்லை. காக்கை எங்கேயோ கிழித்த எலியைக் கொண்டுவந்து போட்டிருக்கும் என்று முடிவு கட்டி, சிவந்த நெல்லை வாரிக் கொட்டச் சொன்னான். விவகாரம் அவனளவில் தீர்ந்தது.

கெங்கம்மாள் அளவில் தீரவில்லை. சிவப்பு கிடந்த இடங்கள் ஓர் எட்டு விட்டு ஓர் எட்டாக ஒரே கோட்டில் போவதை அவள் பார்த்துவிட்டாள். அது சாராள் கிளறும் பாத்தி.

சாப்பாட்டு நேரத்தில் கொதிகலன் கொட்டகைக்குப் பின்னால் சாராளை இழுத்துப்போய் உட்கார வைத்தாள். "கால நீட்டு."

"இன்னாக்கா பேஜாரு பண்ற? சோறு ஆறுது."

"நீட்டுன்னா நீட்டு. அந்தாண்ட திரும்பிக்கோ. கோணி ஊசியால குத்துவேன், வலிச்சா சொல்லு."

சாராள் சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாலையில் எளாவூர்ப் பக்கம் ஒரு லாரி போனது. அவள் புருஷன் யேசுதாஸ் அங்கேதான் செக்போஸ்ட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். லாரி மறைந்தது. இன்னொன்று வந்தது. அதுவும் மறைந்தது.

"எப்பக்கா குத்துவ? சீக்கிரம் குத்திட்டு உடு."

சாராள் திரும்பிப் பார்த்தாள்.

கோணி ஊசி அவள் குதிகாலில் அரை விரல்கடை இறங்கி நட்டுக்கொண்டு நின்றது.

அதற்குப் பக்கத்தில், தோலுக்குள் பச்சையாக ஏதோ மின்னியது. கெங்கம்மாள் நகத்தால் நெம்பி எடுத்தாள். வளையல் துண்டு. "முந்தாநாள் ஒடைஞ்ச என் வளையலுடி இது" என்றாள். "ரெண்டு நாளா இதும்மேலயா நடந்துக்கினு இருக்க?"

சாராள் அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தாள். எட்டு மாதத்துக்கு முன்னால் இதே காலில் எரிச்சல் ஆரம்பித்தது. முதலில் எறும்பு ஊர்வது போல, பிறகு மிளகாய் அரைத்துப் பூசியது போல. அந்தச் சமயத்தில்தான் சைக்கிளில் ஒரு சுகாதார ஆள் அவர்கள் தெருவுக்கு வந்தார். "எரிச்சல், மதமதப்பு யாருக்காவது இருக்குதாம்மா? இப்பவே காட்டிட்டா வெறும் மாத்திரையிலயே கட்டுப்பட்டுடும்" என்று வீடு வீடாகக் கேட்டார். அவர் தேடுவது குஷ்டம் என்கிற பெருவியாதி என்று தெருவுக்கே தெரியும். சாராள் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு, "எங்க ஊட்ல யாருக்கும் இல்ல சார்" என்றாள். ஒன்றிரண்டு மாதத்தில் எரிச்சல் தானாக நின்றது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றி நன்றி சொன்னாள். களத்துச் சூடும் உறைக்காமல் போனது. மற்றவர்கள் நிற்க முடியாத உச்சிவெயில் முறையை மேஸ்திரி அவளிடமே கொடுத்தான். அதற்காக வாரம் ஒரு படி நொய் சேர்த்து வாங்கினாள். வலி போனதற்கு நன்றி சொன்னோமே, அது எங்கே போனது என்று ஒரு நாளாவது கேட்டோமா?

கெங்கம்மாள் ஊசியைப் பிடுங்கி, கையைப் புடவையில் துடைத்தாள். ஒருமுறை துடைத்தவள் மறுபடியும் துடைத்தாள். சாராள் அதைப் பார்த்தாள். சாராள் பார்த்துவிட்டதைக் கெங்கம்மாளும் பார்த்தாள்.

"அந்த சைக்கிள்காரரு எதுத்தாப்புல புளியமரத்தாண்டதான் கீறாரு. புதங்கெழம ஒரு மணி வரைக்கும் இருப்பாரு. போயிடு சாராளு."

"களத்துல அத்தினி பேரும் பாக்கறப்பவா? அந்த மரத்தாண்ட போனவள திரும்ப கேட்டுக்குள்ள உடுவாங்களாக்கா?"

கெங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "நா சொல்ல மாட்டேன். எங்கள மாரியே குதிச்சிக்கினு நட. யாருக்குந் தெரியாது."

மணி அடித்தது. சாராள் புண்ணில் சாம்பலை அப்பிக்கொண்டு களத்தில் இறங்கினாள்.

ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவள் குதித்தாள். எப்போது குதிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்துப் பாத்தியில் கெங்கம்மாள் காலைத் தூக்குவதைப் பார்த்துத் தானும் தூக்கினாள். அவள் 'ஸ்ஸ்' என்றால் இவளும் 'ஸ்ஸ்' என்றாள். எல்லாம் அரை நொடி பிந்தியே வந்தது.

நிழலில் நின்ற பச்சையப்பன் சிரித்தான். "இன்னாமே சாராளு, உனக்கே சுடுதா இன்னிக்கு?"

"சுடுது மேஸ்திரி."

சொல்லிவிட்டுத் தன் காலைப் பார்த்தாள். சாம்பல் நெல்லோடு போய்விட்டிருந்தது. மறுபடி சிவப்பு. நாளைக்கு ஓர் ஆணி, அடுத்த வாரம் ஒரு கண்ணாடி, ஏதாவது ஒரு நாள் எலி கடித்து விரலே போனால்கூட விடிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டுக்கு வெளியே, புளியமரத்தடியில், அந்த மனிதர் மருந்துப் பெட்டியை சைக்கிள் கேரியரில் வைத்துக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

சாராள் குதிப்பதை நிறுத்தினாள்.

பாத்தியை விட்டு விலகி, வெற்று சிமெண்டில் இறங்கி, கேட்டைப் பார்த்து நடந்தாள்.

"எங்கமே போற? நெல்லு கெடக்குது!" என்று பச்சையப்பன் கத்தினான். கிளறிக்கொண்டிருந்த கால்கள் எல்லாம் நின்றன. சுடும் களத்தில் ஒருத்திகூடக் காலை மாற்றவில்லை.

மரத்தடியில் கயிற்றின் முடிச்சு விழுந்தது. அந்த மனிதர் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார். களத்தில் பாதியைத்தான் அவள் கடந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஓர் எட்டு விட்டு ஓர் எட்டு சிவந்த குதிகால் தடங்கள் விழுந்துகொண்டே வந்தன. அடுத்தது விழுவதற்குள் முந்தையதைக் களத்துச் சூடு கறுக்கவைத்துக்கொண்டிருந்தது.